அனுசரணையுள்ள பெண்

என் கணவர் என்னைத் திட்டுவதில்லை. ஜெபிப்பார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். நடு அறையில் பாய் விரித்து நானும் மாமியாரும் முழங்கால் போடுவோம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்பார். நாட்டுக்காக, சபைக்காக, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்காக எல்லாம் ஜெபித்துவிட்டுக் கடைசியில் வீட்டுக்கு வருவார். எனக்குரியது அங்கேதான் இருக்கும். மீன் குழம்பில் புளி கூடிப்போயிருந்தால் அது வரும். அம்மாவிடம் போனில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் அதுவும் வரும். பெயர் சொல்ல மாட்டார். "இந்த வீட்டில் உள்ளவர்க்கு நாவடக்கம் கொடுக்கேணமே கர்த்தாவே" என்பார். வீட்டில் உள்ளவர் என்று யாரைச் சொல்வது? மாமியார் ரத்னாபாய்க்குக் காது பாதி கேட்காது. பாவம், நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். மிச்சம் நான்தான்.

சாதாரணமாகத் திட்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தையாவது சொல்லலாம். ஜெபத்துக்குப் பதில் பேச முடியுமா? கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, முடிந்ததும் ஆமென் சொல்ல வேண்டும். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். வசவையும் வாங்கிக்கொண்டு, நன்றாகச் சொன்னீர்கள் என்று நானே ஒத்துக்கொள்ளவும் வேண்டும். மாமியாருக்குப் பிரச்சினை இல்லை. சத்தம் எங்கே நின்றாலும் அவர் ஆமென் சொல்லிவிடுவார், மூச்சு வாங்க நிறுத்தினால்கூட. என்னுடைய ஆமென் வரும்வரை என் கணவர் கண்ணைத் திறக்க மாட்டார். நான் தாமதித்தால் அவரும் காத்திருப்பார். எப்போதும் நான்தான் முதலில் தோற்றுப்போவேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. அதுவும் சில நாள் ஜெபத்தில் வரும். அதற்கும் நான் ஆமென் சொல்ல வேண்டும்.

இதை யாரிடம் சொல்வது? குடிக்கிறாரா, இல்லை. அடிக்கிறாரா, அதுவும் இல்லை. அம்மாவிடம் ஒருமுறை ஆரம்பித்தேன். "ஜெபம் பண்ணுத மனுசனப் போயி குத்தம் சொல்லுவியாட்டி?" என்று போனை வைத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் சிரிப்பீர்கள்.

நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. தமிழில் படித்து, தமிழில் ஜெபித்து வளர்ந்தவள். அவர் பெயர் ஜெயன்; பாறசாலைக்காரர், திருவனந்தபுரத்தில் அரசாங்க வேலை. வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பேச்சு, படிப்பும் ஜெபமும் மலையாளம். பெண் பார்க்க வந்தபோது மாமியார் கேட்டார்: "பெண்ணு அனுசரணை உள்ள பெண்ணல்லே?" என் அப்பா சற்குணம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம்மா, எங்க பிள்ள ரொம்ப அனுசரணையான பிள்ள" என்றார். பிறகு அவர் பங்குக்கு, "மாப்பிள்ளையும் அனுசரணையான பையன்தான?" என்று கேட்டார். மாமியார் ஒரு நிமிடம் முழித்துவிட்டுச் சொன்னார்: "பின்னே! அம்மை சொன்னா அப்படியே அனுசரிக்கும்." இரண்டு வீட்டாருக்கும் பரம சந்தோஷம். கேசரி சாப்பிட்டுவிட்டுத் தேதி குறித்தார்கள்.

கல்யாணம் அவருடைய சபையில், மலையாளத்தில். அச்சன், அதாவது பாதிரியார், என் முகத்தைப் பார்த்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். ஸ்நேகம், மானம் என்று பாதி புரிந்தது. கடைசியில் "அனுசரிக்குமோ?" என்றார். அது நன்றாகவே புரிந்தது. அனுசரித்துப் போவாயா? விட்டுக்கொடுத்து, முகம் பார்த்து, கஷ்டத்தில் தோள் கொடுத்து நடப்பாயா? கல்யாணம் என்றால் அதுதானே என்று எனக்கு உள்ளுக்குள் பொங்கிவிட்டது. "அனுசரிக்கும்" என்று ஓங்கிச் சொன்னேன். கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புகூட வந்தது.

நான் நர்ஸ். இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் போனேன். "நைட் டூட்டி எல்லாம் வேண்டா, விட்டேரு" என்றார் என் கணவர். விட்டேன். இப்போது நான் அனுசரிக்கிறேன், அடுத்த முறை அவர் அனுசரிப்பார் என்று நினைத்தேன். அடுத்த முறையும் நான்தான். அதற்கு அடுத்த முறையும் நான்தான். எனக்கு விளங்கவே இல்லை.

விளங்க வைத்தது பக்கத்து வீட்டு நாய். பிந்து சேச்சி மதில் ஓரமாக நின்று "ஸிட்" என்றார், அது உட்கார்ந்தது. "போ" என்றார், போனது. பிந்து சேச்சி என்னைப் பார்த்துப் பெருமையாக, "கண்டோ ஜெஸ்லினே, நல்ல அனுசரணை உள்ள பட்டியாக்கும்" என்றார். நாய்க்கு எங்கிருந்து வந்தது அனுசரணை என்று நான் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு நின்றேன். அன்று சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன்: "ஏங்க, மலையாளத்துல அனுசரணைன்னா என்ன?"

"சொன்னது கேக்கணும். கீழடங்கி நிக்கணும். அதுதானே நீ சபையில சம்மதிச்சது?" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தேவன் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்று நான் நம்புகிறேன். ஊருக்குப் பயந்து இல்லை, உண்மையாகவே நம்புகிறேன். கல்யாணம் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் சாயல் என்று சிறுவயதில் கேட்டபோது மெய்சிலிர்த்தவள் நான். கதவைப் பூட்டியவர் என் கணவர் மட்டும் என்றால் உடைத்துக்கொண்டு போயிருப்பேன். பாதிப் பூட்டு என் விசுவாசத்திலேயே இருந்தது.

இப்போது சென்ற சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு பையனும் பெண்ணும் ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டும். அந்த வகுப்பை நடத்துபவர் என் கணவர். நான் போவதில்லை. இந்த முறை அச்சன் வீட்டுக்கே போன் செய்தார். சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண், ஜெபக்கனி என்று பெயர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மலையாளம் ஓடாது; ஜெஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லட்டும் என்றார். அச்சன் சொன்னால் என் கணவர் மறுக்க மாட்டார். அந்த வகை அனுசரணை அவரிடம் நிறைய உண்டு.

ஸ்கூட்டரில் போகும்போது தலையைத் திருப்பாமல் சொன்னார்: "நான் சொல்லுறது மட்டும் சொன்னா மதி, கேட்டோ. கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா."

மதி என்றால் போதும். "சரிங்க" என்றேன்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள். ஜெபக்கனி புது சுடிதாரில், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை பிஜி. வித்துராக்காரன், எலக்ட்ரீஷியன், கடையில் லைட் மாட்ட வந்த இடத்தில் பழக்கம். அவனுடைய தமிழைக் கேட்டு அவளும், அவளுடைய மலையாளத்தைக் கேட்டு அவனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அச்சன் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

என் கணவர் நன்றாகப் பேசுவார். அதை மறைக்க எனக்கு மனமில்லை. கல்யாணம் வெறும் ஒப்பந்தம் இல்லை, உடன்படிக்கை என்றார். ஒப்பந்தத்தில் நீ தவறினால் நான் விலகலாம், உடன்படிக்கையில் நீ தவறினாலும் நான் நிற்பேன் என்றார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி எனக்காக நிறுத்தினார். நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு அழகான விஷயத்துக்குள் இருந்துகொண்டா நான் மூச்சு முட்டுகிறேன் என்று வருத்தமாக இருந்தது.

பிறகு தலைக்கும் உடம்புக்கும் வந்தார். கணவன் தலை, மனைவி உடம்பு. தலை இல்லாமல் உடம்பு உண்டோ என்று கேட்டார். அதையும் சொன்னேன். உடம்பு இல்லாமல் தலை மட்டும் ஸ்கூட்டர் ஓட்டியதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கூட்டக் கூடாதல்லவா, மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஓர் உதாரணம் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக வர, நான் தமிழாக்கிக்கொண்டே போனேன்.

"அவரோட மனைவி நர்ஸா இருந்தாங்க" என்றேன்.

"வேலைய விடச் சொன்னாரு."

"அவங்க ஒரு வார்த்தை மறுத்துப் பேசல."

"அதனால அந்த வீட்டுல இன்னைக்கும் சமாதானம் இருக்கு."

ஜெபக்கனி என் காதருகே குனிந்தாள். "அந்த அக்கா யாருக்கா?"

"நான்தான் மக்கா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பற்றி நானே, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயில் என் பேச்சு ஒன்றுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. ஹாலை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

அடுத்தது சத்தியம். பீடத்துக்கு முன்னால் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வியை நிதானமாகச் சொல்லிக்காட்டினார். கடைசி வார்த்தை வந்தது. "அனுசரிக்குமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபக்கனி முகம் மலர்ந்துவிட்டது. "இது எனக்கே புரியுதுக்கா. அனுசரிச்சுப் போவணும். அது நான் போவேம்லா!"

பதினோரு வருடத்துக்கு முந்தைய என்னை யாரோ பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்ததுபோல் இருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும், அவள் சந்தோஷமாகப் போய் ஓங்கிச் சொல்லிவிடுவாள்.

என் கணவரும் அதைக் கவனித்தார். "அது தமிழிலும் அதுதானே. ட்ரான்ஸ்லேட் வேண்டா" என்று அடுத்ததற்குத் திரும்பினார்.

"இல்லங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "தமிழ்ல அது வேற."

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் எனக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. ஜெபக்கனியிடம் சொன்னேன்: "இங்க அதுக்குக் கீழ்ப்படியணும்னு அர்த்தம். அவங்க சொன்னா நீ கேக்கணும். நீ நினைக்கித அனுசரணை இல்ல."

கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

அவள் முகம் சுருங்கியது. பிஜியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப அவங்க எனக்கு என்ன சத்தியம் சொல்லுவாங்க? கேளுங்கக்கா."

கேள்வியை மலையாளத்தில் கேட்டேன். "ஸ்நேகிக்கும்" என்றார் என் கணவர், சுருக்கமாக.

"அன்பா இருப்பாங்களாம்."

"அன்புன்னா எப்படி?"

"கிறிஸ்து சபையை ஸ்நேகிச்சது போலே" என்றார். குரல் இறுகியிருந்தது.

அதையும் சொன்னேன். ஜெபக்கனி ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்ததுபோல் யோசித்தாள். எனக்குத் தெரிந்து அவளிடம் எந்தக் குறும்பும் இல்லை. "இயேசப்பா சபைக்கு என்னக்கா செஞ்சாரு?"

நான் மலையாளத்தில் கேட்டேன். ஹாலில் யாருக்கும் தெரியாத விடை இல்லை. ஆனால் என் கணவர் வாயிலிருந்து அது வரவில்லை. பின்வரிசையிலிருந்து அச்சன்தான் மெல்லச் சொன்னார்: "ஜீவன் கொடுத்து."

"உயிரக் குடுத்தாரு" என்றேன்.

ஜெபக்கனி பதறிப்போனாள். "ஐயோ, அப்ப நம்மள விட அவங்களுக்குத்தானக்கா பெரிய கஷ்டம்!"

தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பேர் சிரிக்க, மற்றவர்கள் என்னவென்று கேட்க, நான் அதையும் மலையாளத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. ஹால் முழுக்கச் சிரிப்பு. பிஜி மட்டும் சிரிக்காமல் என்னிடம் கேட்டான்: "சேச்சி, அந்த வார்த்தைக்குத் தமிழில என்ன அர்த்தம்?"

சொன்னேன். விட்டுக்கொடுப்பது, முகம் பார்த்து நடப்பது, தோள் கொடுப்பது, இரண்டு பேரும்.

"எனக்குத் தமிழில உள்ள அர்த்தம் மதி" என்றான் பிஜி. ஜெபக்கனி அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அச்சன் எழுந்து, சாயா குடிக்கலாம் என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ஒரு பொல்லாத, சின்னத்தனமான பொறாமை. அவள் ஒரு கேள்வி கேட்டாள், அவன் ஒரு பதில் சொன்னான், முடிந்துவிட்டது. நான் கேட்காமலேயே பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் குக்கரில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டுப் பாயை விரித்தேன். மாமியாரைப் பிடித்து முழங்கால் போட உதவினேன். எல்லாம் வழக்கம்போல.

அன்றைக்கு நோயாளிகள் சீக்கிரம் முடிந்துவிட்டார்கள். நாடு இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. நேரே வீட்டுக்கு வந்தார். வசனத்தைப் புரட்டுகிற நாவைப் பற்றி ஜெபித்தார். நாலு பேர் முன்னால் தலையைக் குனியவைக்கிற உடம்பைப் பற்றி ஜெபித்தார். கனி கொடுக்காத மரத்தைப் பற்றியும் ஜெபித்தார். அது வந்ததும் எனக்கு மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதுபோல், "கர்த்தாவே, இந்த வீட்டில் அனுசரணையுள்ள ஹ்ருதயம் கொடுக்கேணமே" என்று முடித்தார்.

"ஆமென்" என்றார் மாமியார்.

என் கணவர் என்னுடையதற்காகக் காத்திருந்தார். எனக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் காலையில் தொடங்கிய வேலை இன்னும் முடியாததுபோல் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆண்டவரே" என்றேன். "இப்ப அவரு கேட்டத நான் தமிழ்ல சொல்லுதேன். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. இந்த வீட்டுல அனுசரணையான மனசக் குடுங்கன்னு கேட்டாரு. எங்க ஊர்ல அது ஒருத்தருக்கு மட்டும் குடுக்க முடியாது ஆண்டவரே. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் அதுக்கு அந்தப் பேரு. அதனால ரெண்டு பேருக்கும் குடும். அந்த மரத்தப் பத்தியும் சொன்னாரு. அதுக்கு எவ்வளவு வலிக்குன்னு உமக்குத் தெரியும். அவருக்கும் தெரியப்படுத்தும். ஆமென்."

"ஆமென்" என்றார் மாமியார்.

இனி என் கணவர் சொல்ல வேண்டும். நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் நாற்காலியைப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு முழங்காலில் இருந்தார். சொன்னால் ஒத்துக்கொண்டதாகும். சொல்லாமல் எழுந்தால் ஜெபத்தைப் பாதியில் விட்டவராவார். அதற்கு அவருக்கு மனம் வராது, அவரும் விசுவாசிதான். அந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் நான் இருந்த இடம். அவருடைய கன்னம் துடித்தது. எனக்கு அவர்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

எழுந்து போய்விடலாம்தான். போகவில்லை. நகர்ந்து அவர் பக்கத்தில், தோள் உரசுகிற தூரத்தில் முழங்கால் போட்டுக்கொண்டேன்.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. போய் அணைத்துவிட்டு வா என்று எனக்குச் சொல்வதென்றாலும் அவர் முதலில் ஆமென் சொல்லியாக வேண்டும்.